வேலிக்கு உள்ளே மேய்ந்தவர்கள்

கஞ்சா நாள்பட்டால் காய்ந்து எடை குறையும், தங்கம் குறையாது. இதை ஒரு நீதிபதி தீர்ப்பில் எழுத வேண்டிய நிலை 2020 டிசம்பரில் வந்தது. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.என்.பிரகாஷ். அவர் யாருக்காக எழுதினார் என்பதுதான் விசேஷம்: நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்பான சி.பி.ஐ.க்காக.

2012-ல் தங்க இறக்குமதியில், மத்திய அரசின் வணிக நிறுவனமான எம்.எம்.டி.சி.யின் அதிகாரிகள் சுரானா கார்ப்பரேஷன் என்ற சென்னை நிறுவனத்துக்குச் சலுகை காட்டினார்கள் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. நிறுவன அலுவலகத்தில் சோதனை நடத்தி 400.47 கிலோ தங்கத்தைக் கைப்பற்றியது. கைப்பற்றிய தங்கத்தை எங்கே வைத்தார்கள்? அந்த நிறுவனத்தின் பெட்டகங்களிலேயே வைத்துப் பூட்டி, சீல் போட்டார்கள். 72 சாவிகளையும் சென்னை சி.பி.ஐ. தனி நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டோம் என்பது சி.பி.ஐ. சொன்ன கணக்கு. 2013-ல் இன்னொரு வழக்கு பதிவானது. முதல் வழக்கிலிருந்து இரண்டாம் வழக்குக்குத் தங்கம் மாறியது, காகிதத்தில். யாரும் பெட்டகத்தைத் திறக்கவில்லை, தராசு கொண்டுவரவில்லை.

நிறுவனம் கடனில் மூழ்கி திவால் நடவடிக்கைக்குப் போனது. தங்கத்தைக் கடன் கொடுத்த வங்கிகளிடம் ஒப்படைக்க உத்தரவானது. 2020 பிப்ரவரியில் வங்கிப் பிரதிநிதிகள் முன்னிலையில் பெட்டகங்களைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது 296.606 கிலோ. குறைந்தது 103 கிலோ 864 கிராம். 2012-ல் மொத்தமாக எடை போட்டோம், இப்போது தனித்தனியாகப் போட்டதால் வித்தியாசம் வருகிறது என்றது சி.பி.ஐ. கிராம் கணக்கில் வித்தியாசம் வரலாம், நூறு கிலோ எப்படி வரும் என்று கேட்ட நீதிபதி, விசாரணையைத் தமிழக சி.பி.-சி.ஐ.டி.யிடம் கொடுத்தார். உள்ளூர் போலீஸ் விசாரித்தால் தங்கள் மதிப்புக் குறையும் என்று சி.பி.ஐ. தரப்பு வாதாடியது. சி.பி.ஐ.க்கு மட்டும் கொம்பு முளைத்திருக்கிறதா, உள்ளூர் போலீஸுக்கு வால்தானா என்ற பொருளில் பதில் வந்தது. இது சி.பி.ஐ.க்கு அக்னிப் பரீட்சை என்றும் சேர்த்துச் சொன்னார் நீதிபதி.

சீல் உடைந்ததாகப் பேச்சில்லை. சுவரில் ஓட்டை இல்லை. இரவில் முகமூடி போட்டு யாரும் வந்ததாகத் தகவல் இல்லை. எட்டு ஆண்டுகள் யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தங்கக் கதைக்கும் சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டிக்கும் ஒரு கொடி உறவு உண்டு. அதே குழுமத்தைச் சேர்ந்த சுரானா இண்டஸ்ட்ரீஸ், கும்மிடிப்பூண்டியில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரித்துவந்த நிறுவனம். அந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்களும் லாரி உரிமையாளர்களும் அந்தப் பெயரை நன்றாக அறிவார்கள். குழுமத்தின் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வங்கிகளுக்கு 3,986 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுத்தின என்பது குற்றச்சாட்டு. 2022 ஜூலையில் அமலாக்கத்துறை நான்கு பேரைக் கைது செய்தது. உரிமையாளர் தரப்பில் இருவர், அவர்களிடம் வேலை பார்த்தவர்களில் இருவர். ஊழியர்களைப் பெயருக்கு இயக்குநர்களாக உட்காரவைத்து, நிழல் நிறுவனங்கள் வழியாகக் கடன் பணத்தை வெளியே கொண்டுபோனார்கள் என்கிறது அமலாக்கத்துறை.

இனி கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய தேர்வாய் கண்டிகைக்கு வருவோம்.

சென்னைக்காரர்களுக்கு இன்று இந்தப் பெயர் ஏரியால் தெரியும். 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் மாநகரத்துக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது ஏரி. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. அதற்கு முன்பே இந்த ஊர் செய்தியில் அடிபட்டது வேறொரு காரணத்துக்காக. ஊரையொட்டி ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. ஆடு மாடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, மழைநீர் வடிந்து ஏரிகளுக்கு வருவது எல்லாமே அந்த நிலத்தை நம்பித்தான். அந்த நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009-ல் பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிஷலின் தமிழக அரசோடு 4,000 கோடி ரூபாய்க்கான ஒப்பந்தம் போட்டது. சிப்காட் நிலத்தில் 290 ஏக்கர் அளவுக்கு அதற்கு ஒதுக்கப்பட்டது.

ஊர் எதிர்த்தது. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், நீதிமன்றம் போனார்கள். போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன, வழக்குகள் விழுந்தன. 2012-ல் ஊர்ச் சங்கம், பிரெஞ்சுத் தொண்டு அமைப்புகளோடும் அந்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்றோடும் சேர்ந்து பாரிஸ் வரை புகாரைக் கொண்டுபோனது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை பற்றிய ஓ.இ.சி.டி. நெறிகளைக் கண்காணிக்கும் பிரெஞ்சு அமைப்பு விசாரித்தது. மேய்க்கால் மட்டும் திரும்ப வரவில்லை.

அந்த நாட்களில் கோட்டையில் திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை, முதலீட்டாளர் நம்பிக்கை. ஊர்க்காரர்கள் போராடினால் முதலீட்டாளர் ஓடிவிடுவார், பக்கத்து மாநிலம் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் வேலி போடு, கேட் போடு, போலீஸைப் போடு. வேலிக்கு வெளியே நின்ற மாடும் மனிதர்களும் முதலீட்டுக்கு ஆபத்து என்று கணக்கிடப்பட்டார்கள். அதே தாலுகாவில் முதலீட்டாளர் பணத்தை உண்மையில் விழுங்கியதாகப் பின்னால் வழக்கு வந்தது யார் மீது? கோட்டு போட்டு, வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மீது. அவர்களுக்கு எந்த செக்யூரிட்டியும் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே இருப்பவரைப் பார்க்காமல் விடும் இது தொழிற்பேட்டைக்கு மட்டும் உரிய கோளாறு இல்லை. ராணுவ முகாம்களில் இதே கோளாறு உயிரைக் குடிக்கிறது.

2023 ஏப்ரல் 12, விடிவதற்கு முன், பஞ்சாபின் பதிண்டா ராணுவ முகாம். பீரங்கிப் படைப்பிரிவின் நான்கு வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் தமிழர்கள், ஒருவர் சேலம் மாவட்டம், இன்னொருவர் தேனி மாவட்டம். எல்லை மாநிலம் என்பதால் நாடே வெளியாள் தாக்குதல் என்று பதறியது. முகமூடி அணிந்த இரண்டு பேர் துப்பாக்கியும் கோடரியுமாகக் காட்டுப் பக்கம் ஓடினார்கள் என்று ஒரு வீரர் சாட்சியும் சொன்னார். சில நாட்களில் அந்தச் சாட்சியே கைதானார். தனிப்பட்ட பகையால் அவர்தான் சுட்டார் என்றது போலீஸ். முகாமிலிருந்து ஒரு இன்சாஸ் துப்பாக்கியும் 28 தோட்டாக்களும் காணாமல் போயிருந்தது கொலைக்கு முன்பே தெரிந்த விஷயம். தோட்டா குறைந்தபோது ஒலித்த மணி, நான்கு சவப்பெட்டிகள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

போர் நடக்கும் இடத்தில் இன்னும் மோசம். ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் நகரில் சாப்மன் என்ற அமெரிக்க முகாம் இருந்தது. 2009 டிசம்பர் 30 அன்று ஜோர்டான் நாட்டு மருத்துவர் ஒருவர் காரில் அங்கே வந்தார். அல்-கொய்தாவுக்குள் ஊடுருவி உளவு சொல்லும் நம் ஆள் என்று சி.ஐ.ஏ. அவரை நம்பியிருந்தது. மூன்று சோதனைச் சாவடிகள். மூன்றிலும் சோதனை இல்லை, சந்தேகப்படுவதாக நினைத்து வருத்தப்பட்டுவிடுவார் என்ற மரியாதை. வரவேற்கப் பெரிய கூட்டமே கூடி நின்றது. அவர் உடம்பில் கட்டியிருந்த வெடிகுண்டு வெடித்து சி.ஐ.ஏ.வுக்காகப் பணியாற்றிய ஏழு பேர் இறந்தார்கள். இந்த ஆள் சரியில்லை என்று ஜோர்டான் உளவுத்துறை அதிகாரி ஒருவர் முன்பே காதில் போட்டிருந்தார் என்பதும், கேட்டவர் அதை மேலே அனுப்பவில்லை என்பதும் சி.ஐ.ஏ.வின் சொந்த ஆய்வில் வெளிவந்தது.

2012-க்குள் நிலைமை முற்றியது. அந்த ஆண்டு ஆப்கானிஸ்தானில் இறந்த நேட்டோ படையினரில் ஏறக்குறைய ஏழில் ஒருவர், தாங்களே பயிற்சி கொடுத்த ஆப்கன் ராணுவ, போலீஸ் சீருடைக்காரர்களின் கையால் இறந்தார். பயிற்சி வகுப்பில், உணவுக் கூடத்தில், உடற்பயிற்சி அறையில் தன் ஆட்களையே காவல் காக்க ஒரு வீரரைத் துப்பாக்கியோடு நிறுத்தும் ஏற்பாடு அப்போதுதான் வந்தது. கூட்டுப் பயிற்சியே சில காலம் முடங்கியது. சுவரைத் தாண்டி வந்த ராக்கெட்டுகளால் ஆகாததை இது சாதித்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பார்த்துப் பயம் வந்துவிட்டால் முகாம் முகாமாக இருக்காது.

தமிழர்களுக்கு இந்த வகைக் காட்சி புதிதும் அல்ல. 1987 ஜூலை 30, கொழும்பு. முந்தின நாள் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ராஜீவ் காந்தி கடற்படை அணிவகுப்பு மரியாதையைப் பார்வையிட்டு நடக்கும்போது, வரிசையில் நின்ற விஜித ரோஹண என்ற சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தார். ராஜீவ் குனிந்ததால் அடி தோளில் பட்டது. அடித்தவர் சிறை போய், மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, பின்னாளில் தேர்தலிலும் நின்றார், ஜோசியமும் சொன்னார். அதற்கு மூன்றாண்டு முன் இந்திரா காந்தி வீட்டுத் தோட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

முகாமின் பாதுகாப்புக்கும் பங்குச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கட்டுநாயக்கவைப் பார்க்க வேண்டும். அங்கே விமானப்படைத் தளமும் பன்னாட்டு விமான நிலையமும் 1978-ல் தொடங்கிய இலங்கையின் முதல் சுதந்திர வர்த்தக வலயமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. 2001 ஜூலை 24 அதிகாலை விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையினர் தளத்துக்குள் புகுந்து போர் விமானங்களையும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் பயணிகள் விமானங்களையும் தகர்த்தார்கள். அதன் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொழும்பைப் போர்ப் பிரதேசமாகக் கணக்கிடத் தொடங்கின. விமானத்துக்கும் கப்பலுக்கும் போர்க்காலப் பிரீமியம் எகிறியது, சுற்றுலா சரிந்தது. அந்த ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் 1.5 சதவீதம் சுருங்கியது, சுதந்திரத்துக்குப் பின் அதுவரை காணாத வீழ்ச்சி. உலகப் பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனாலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்த இடம் எரிந்ததுதான் முதலீட்டாளர்களை உலுக்கியது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அது வெளியிலிருந்து வந்த அடி. அப்படிப்பட்ட அடிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஒப்பந்தம் போட்டால் நிற்கும். உள்ளிருந்து வருவதற்கு?

ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்கான தங்க மயில் விருதை லண்டனில் வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இருக்கிறது, அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய் பக்கம் வந்தது. ஓய்வுபெற்ற எத்தனையோ பேரின் சேமிப்பு மதிய உணவுக்குள் கரைந்தது.

இதில் தொழில்நுட்ப வித்தை ஒன்றுமில்லை. வங்கியில் இவ்வளவு பிக்ஸட் டெபாசிட் இருக்கிறது என்று நிறுவனம் காகிதம் கொடுத்தது. போலி ரசீதுகள். கணக்குத் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தக் காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். வங்கியிடம் நேராகக் கேட்டிருந்தால், வங்கி தானாக அனுப்பிய பதிலை மதித்திருந்தால், முதல் வருடத்திலேயே குட்டு உடைந்திருக்கும். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தபோது அதில் இரண்டு தணிக்கையாளர்களும் இருந்தார்கள். நிறுவனத்தின் உள் தணிக்கைத் தலைவரும் இருந்தார். திருடனைப் பிடிக்கச் சம்பளம் வாங்கியவர்!

ஆனால் சத்யம் செத்துப்போகவில்லை. சில நாட்களுக்குள் மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. கிரண் கார்னிக், தீபக் பரேக், சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என்.மனோகரன் போன்றவர்கள். யாருக்கும் அந்த நிறுவனத்தில் பழைய உறவு இல்லை. கையில் இருப்பது எவ்வளவு என்று முதலில் எண்ணினார்கள். எண்ணியதைச் சொன்னார்கள். சம்பளம் போட்டார்கள், வாடிக்கையாளர்களிடம் பேசினார்கள், வெளிப்படையாக ஏலம் விட்டார்கள். ஏப்ரல் 13 அன்று டெக் மகிந்திரா ஒரு பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து வாங்கியது. கடிதம் வெளியான நாளிலிருந்து நூறு நாள்கூட ஆகவில்லை.

சென்னைப் பெட்டகத்தில் எட்டு ஆண்டு. ஹைதராபாதில் நூறு நாள். சாவியை வைத்திருப்பவரே எண்ணிச் சொன்னால் அது கணக்கு ஆகாது, சாவியோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் எண்ண வேண்டும். ஒரு ஊழல் வெளிவந்த பிறகு முதலீட்டாளர் திரும்பி வருவதும் வராததும் இதைப் பொறுத்துத்தான் என்பது இந்தக் கட்டுரையின் தரப்பு. மந்திரி மேடையில் நின்று தரும் உறுதிமொழியை நம்பி எந்த அறிவாளி முதலீட்டாளரும் செக் எழுதுவதில்லை.

கும்மிடிப்பூண்டி போன்ற பேட்டைகளில் இந்த எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நடுத்தர ஆலைக்கு வங்கி கொடுக்கும் கேஷ் கிரெடிட் கடன், ஸ்டாக்கின் மதிப்பில் நிற்கிறது. இரும்பு எவ்வளவு, கம்பி எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று ஆலை மாதாமாதம் ஸ்டேட்மென்ட் கொடுக்கும். அதை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடும். அந்தக் காலத்தில் கீ லோன் என்ற முறை பரவலாக இருந்தது. குடோனில் வங்கியின் பூட்டு தொங்கும், சாவி வங்கியிடம் இருக்கும், பணம் கட்டக் கட்டச் சரக்கை விடுவிப்பார்கள். தொழில் வேகமாக ஓட அது தடையாக இருந்ததால், சரக்கு ஆலையிடமே இருக்கட்டும், எழுதிக்கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடே இப்போது வழக்கம். ஸ்டாக் ஆடிட் என்று ஒன்று உண்டு. ஆடிட்டர் வரும் தேதி ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். குவிந்து கிடக்கும் ஸ்கிராப் இரும்பைக் கண்ணால் பார்த்து எத்தனை டன் என்று சொல்லிவிட எந்த ஆடிட்டராலும் முடியாது.

வங்கிக்குள்ளும் இதே கதைதான். மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையில் ஒரே அதிகாரி 2010 முதல் 2017 வரை ஒரே இருக்கையில் இருந்தார். வெளிநாட்டு வங்கிகளுக்குத் தகவல் போகும் ஸ்விஃப்ட் அமைப்பு வங்கியின் உள்கணக்கோடு இணைக்கப்படவில்லை. அந்தக் கிளை வழியாக நடந்த வைர வியாபாரி நீரவ் மோடியின் கடன் மோசடி விவகாரம் 2018-ல் வெடித்தபோது தொகை 13,000 கோடியைத் தாண்டியது. முக்கிய இடங்களில் உட்கார்ந்திருப்பவர்களை ஆண்டுக்குப் பத்து வேலை நாளாவது முன்னறிவிப்பின்றிக் கட்டாய விடுப்பில் அனுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விடுப்பு எடுக்காமல் உழைக்கும் ஊழியரைப் பாராட்டுவது நம் வழக்கம். ரிசர்வ் வங்கிக்கு அவர்மேல்தான் முதல் சந்தேகம்.

ஆலை மூழ்கினால் யாருக்கு என்ன கிடைக்கும்? திவால் சட்டம் வரிசை வைத்திருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளும், தொழிலாளர்களின் இரண்டாண்டுச் சம்பள பாக்கியும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்கள். சரக்கு சப்ளை செய்தவர், லாரி ஓட்டியவர், மெஸ் நடத்தியவர் எல்லாம் அதற்கும் கீழே. பங்கு வாங்கிய பொதுமக்கள் கடைசி. அவர்கள் முறை வரும்போது பாத்திரம் காலி. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த வரிசையில் தன் பெயரைக் காட்டுவதே பெரும்பாடு, அவர் எந்த மஸ்டரில் இருந்தார் என்பதே வழக்காகிவிடும்.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரையும் சந்தேகி, கேமராவைக் கூட்டு, சோதனையை இறுக்கு என்று இதற்கு மருந்து சொல்பவர்கள் உண்டு. அந்த மருந்து வழக்கமாகக் கீழே நோக்கித்தான் ஊற்றப்படுகிறது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணின் பை திறக்கப்படும், மாடியில் இருப்பவரின் லேப்டாப் திறக்கப்படாது. முதல் எச்சரிக்கை பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். சத்யத்தில் 2008 டிசம்பரில், ராஜு கடிதம் எழுதுவதற்குச் சில வாரம் முன்பே, ஜோசப் ஆபிரகாம் என்ற புனைபெயரில் ஒருவர் இயக்குநர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கணக்கில் சொல்லப்படும் பணம் இல்லை என்று அதில் இருந்தது. உள்விவரம் தெரிந்தவர் எழுதியது. அது தணிக்கைக் குழுவுக்குப் போனது, தணிக்கை நிறுவனத்துக்கும் போனது. பதில் வருவதற்குள் ராஜுவே எழுதிவிட்டார். ஜோர்டான் அதிகாரியின் சொல்லும் இப்படித்தான் வழியில் நின்றது.

ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று. எடைமேடையில் சீட்டு எழுதுபவருக்குத் தெரியும் லாரி காலியாகப் போனதா என்று. பெயருக்கு இயக்குநராக உட்காரவைக்கப்பட்ட குமாஸ்தாவுக்குத் தெரியும், தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று. வாய் திறந்தால் வேலை போகும், ஊரில் வேறு ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள். நிறுவனச் சட்டம் 2013 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்கிறது. புகார் போய்ச் சேரும் இடம் அதே நிறுவனத்தின் தணிக்கைக் குழு.

தமிழ்நாட்டுக்கு முதலீடு வேண்டும், தேர்வாய் கண்டிகைக்கும் வேலை வேண்டும். அதற்காகப் பேட்டைக்கு இன்னொரு சுற்று வேலி தேவைப்படாது. சிப்காட் நிலம் ஒதுக்கும்போது, வங்கி கடன் கொடுக்கும்போது, சரக்கையும் கணக்கையும் சொல்லாமல் வந்து எண்ணுகிற ஒரு வெளியாள் வேண்டும். எண்ணியது ஊருக்கும் தெரிய வேண்டும். தவறைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்கு வேலை போகாது என்று சட்டம் சொல்ல வேண்டும்.

அரசுத் துறைகளில் ஊழலை வெளிப்படுத்துபவர்களுக்கு மட்டுமாவது அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு இன்றுவரை வரவில்லை.